ஸ்ரீரங்கத்தில் வைத்த நட்சத்திரம்

சேவியர், டேய் சேவி, உன் முப்பதாம் நாள் பூசையில் உன்னைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொல்கிறார்கள். எனக்கு மைக் பிடித்துப் பேச வராது. அதனால் எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். எழுதவும் எனக்குப் பெரிதாக வராது. எட்டாவதோடு நின்றவள் நான். தப்பு இருந்தால் நீதான் முதலில் சிரிப்பாய். சிரித்துக்கொள்.

இவன் என் தம்பி. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒல்லியாக, காது கொஞ்சம் பெரிதாக இருப்பான். எல்லாரும் அவன் நல்லவன், அமைதியானவன் என்று சொல்லி அழுகிறார்கள். அமைதியானவன் எல்லாம் இல்லை. வீட்டில் இருக்கிறவர்களைக் கேள்வி கேட்டே சாகடிப்பான். அவனைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல் என்றால் நான் அந்த வருஷத்துக் குடிலைத்தான் சொல்வேன். அப்போது அவனுக்குப் பன்னிரண்டு வயது, எனக்குப் பதினாலு.

எங்கள் வீடு சிந்தாமணியில், காவிரிக்குத் தென்கரையில். மூன்று மாடிக் கட்டடத்தில் கீழ் போர்ஷன் எங்களுடையது. அப்பா ஜீயபுரத்தில் வாழைத்தார் ஏற்றி காந்தி மார்க்கெட்டில் இறக்குகிற வண்டி ஓட்டுகிறார். அம்மா, அப்பாவின் அக்காவான எங்கள் அத்தை, சேவி, நான். அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போன வருஷம் நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்தில் ஒரு மாமி வீட்டுக்கு வேலைக்குப் போனேன். அந்த மாமி வீட்டிலேயே புடவை வியாபாரம் செய்கிறவர். புடவைக்கெல்லாம் அடி ஓரத்தில் ஃபால்ஸ் துணி வைத்துத் தைப்பது என் வேலை.

எங்கள் தெருவில் கிறிஸ்துமஸ் வந்தால் வீட்டுக்கு வீடு குடில் கட்டுவோம், பாலன் இயேசு பிறந்த மாட்டுத்தொழுவம் மாதிரி. பண்டிகை முடிந்த வாரத்தில் பங்குச் சாமியாரும், அவருக்குத் துணையாகக் கோயில் வேலை பார்க்கிற உபதேசியாரும் வீடு வீடாக வந்து பார்த்து மார்க் போடுவார்கள். முதல் பரிசு எவர்சில்வர் தவலை. எங்கள் வீட்டுக்கு எந்த வருஷமும் கிடைத்ததில்லை. அப்பாதான் கட்டுவார். அவருக்கு அந்த மாதத்தில் வண்டி ஓட்டம் அதிகம். ஒரு ராத்திரியில் வைக்கோலைப் போட்டு, பாலனைப் படுக்க வைத்து, சீரியல் லைட்டை மாட்டிவிட்டுத் தூங்கப் போய்விடுவார்.

அந்த வருஷம் காலாண்டுப் பரீட்சையில் சேவி தமிழில் பெயில், சமூக அறிவியலில் பெயில். அறிவியலில் மட்டும் வகுப்பிலேயே அதிகம். அப்பாவுக்கு அந்த மூன்றாவது விஷயம் கண்ணில் படவே இல்லை.

"அக்காக்காரி நின்னுட்டா. இவன் மட்டும் படிச்சு என்ன பண்ணப் போறான்" என்றார் சாப்பிட்டுக்கொண்டே. "பால்பண்ணைகிட்ட லேத் பட்டறையில சொல்லி வச்சிருக்கேன். ஜூன்ல போகட்டும்."

அம்மா அவருக்கு ரசம் ஊற்றினார். சேவி மட்டும், "அப்பா, இந்த வருஷம் குடிலை நான் கட்டவா?" என்று கேட்டான். இவ்வளவு பேச்சு நடக்கும்போது குடிலைக் கேட்கிறானே என்று எனக்கே எரிச்சல் வந்தது.

"கட்டு. ஃபாதர் வந்து பாத்துட்டு நல்லா இருக்குன்னு சொல்லட்டும், அப்புறம் படிப்பைப் பத்திப் பேசுவோம். சிரிச்சாருன்னா பட்டறை."

அப்பா விளையாட்டாகச் சொன்னாரா, நிஜமாகச் சொன்னாரா என்று தெரியாது. ஆனால் அப்பா சொன்னால் சொன்னதுதான். நான் விட்டதை அவனாவது விடாமல் இருக்கட்டும் என்று எனக்கு ஒரு ஆசை இருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை.

அவன் குடில் கட்ட ஆரம்பித்தான். வைக்கோல் இல்லை, மலை இல்லை. ஒரு பெரிய தாம்பாளத்தில் மணலைப் பரப்பி, நடுவில் ஒரே ஒரு மஞ்சள் பொடியை வைத்தான். பொடி என்றால் ஊசிமுனையில் ஒட்டுகிற அளவு. அதுதான் சூரியனாம். அதிலிருந்து சுண்டு விரல் தள்ளி, கண்ணுக்கே தெரியாத பூமி. அதற்கு மேலே ஒரு சின்னத் தொட்டிலில் பாலன்.

"நட்சத்திரம் எங்கடா?" என்று கேட்டேன். குடிலுக்கு மேலே நட்சத்திரம் இல்லாமல் எந்தக் கத்தோலிக்க வீட்டிலாவது கிறிஸ்துமஸ் உண்டா.

"இங்க பாரு" என்று சுண்டு விரலைக் காட்டினான். "சூரியனுக்கும் நமக்கும் நடுவுல இருக்கிற தூரத்தை இந்த விரல் அகலம்னு வச்சுக்க. அப்படி வச்சா, நமக்குப் பக்கத்துல இருக்கிற அடுத்த நட்சத்திரம் எங்க வரும் சொல்லு."

"வாசல்ல."

"ம்ஹூம்."

"தெரு முனையில. போஸ்ட் கம்பத்துகிட்ட."

"பஸ் ஏறிக்க. பாலத்தைத் தாண்டு. நீ வேலைக்குப் போறியே, அந்த மாமி வீடு. அங்கதான் வரும். நடுவுல ஒண்ணுமே கிடையாது. காலி."

நான் தினமும் போய்வருகிற தூரம் அது. பஸ்ஸில் நின்றுகொண்டு, கூட்டத்தில் மிதிபட்டுப் போகிற தூரம். அவ்வளவு தூரமும் காலி என்று நினைத்தால் எனக்கு எப்படியோ இருந்தது.

அடுத்தது ராஜாக்கள். நட்சத்திரத்தைப் பார்த்துப் பாலனைத் தேடி வந்த மூன்று ராஜாக்களையும் எங்கள் வழக்கத்தில் முதல் நாளே குடிலில் வைக்க மாட்டோம். தூரத்தில் வைத்து, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஜனவரி ஆறாம் தேதி அவர்கள் திருநாளன்றுதான் பாலனிடம் சேர்ப்போம். அத்தைக்கு இது உயிர். காலையில் ஜெபம் சொல்லி முடித்ததும் ராஜாக்களை ஒரு சாண் நகர்த்திவிட்டுத்தான் காபி குடிப்பார்.

சேவி ஒரே ஒரு ராஜாவை எடுத்து வாசல் கேட்டருகே வைத்தான். மற்ற இரண்டு பேரையும் டிவி மேல் உட்கார வைத்தான்.

"அவங்க ரெண்டு பேரும் என்னடா பாவம் பண்ணாங்க?" என்றார் அத்தை.

"மூணு பேர் போனா செலவு கட்டாது அத்தை. ஒருத்தருக்கே ஒட்டகம் பத்தலை."

அந்த ஒட்டகக் கதையைச் சொல்ல வேண்டும். சேவி தெருவில் வீடு வீடாகப் போய், "அக்கா, ஒரு ஒட்டகம் குடுங்க, அப்புறம் தரேன்" என்று கேட்டு வாங்கி வந்தான். பிளாஸ்டிக், களிமண், பீங்கான், ஒரு காது போனது, கால் ஒட்டினது என்று நாற்பதுக்குக் குறையாது. எல்லாவற்றையும் அந்த ஒற்றை ராஜாவுக்குப் பின்னால் வாசலிலிருந்து சாக்கடை வரை வரிசையாக நிற்க வைத்து, ஒவ்வொன்றின் முதுகிலும் புல்லைக் கட்டினான்.

"ராஜா போறதுக்கு ஒட்டகம் வேணும்ல? ஒட்டகம் திங்கிறதுக்குப் புல் வேணும். வழியில புல் கிடையாது, எல்லாம் காலி. அப்ப புல்லையும் சுமந்துக்கிட்டுப் போகணும். அந்தப் புல்லைச் சுமக்க இன்னொரு ஒட்டகம். அது திங்கிறதுக்குப் புல். அதைச் சுமக்க இன்னும் ரெண்டு. ராக்கெட்டு கதை இதுதான்க்கா. ராஜா ஒருத்தர்தான், மத்ததெல்லாம் தீனி."

"நிறைய ஒட்டகம் வச்சா வேகமாப் போயிடலாம்ல?"

"போலாம், கொஞ்சம். ஆனா வேகம் கூடக் கூட, இன்னும் ஒரு துளி கூட்டணும்னா முன்ன போட்டதைவிடப் பல மடங்கு புல் போடணும். வெளிச்சத்தோட வேகத்துக்குக் கிட்டப் போயிட்டா, உலகத்துல இருக்கிற புல்லை எல்லாம் கொட்டினாலும் ஒரு முடி அளவுதான் கூடும். வெளிச்சத்தை எட்டவே முடியாது."

"யாரு போட்ட சட்டம் அது?"

"யாரும் போடலை. உலகம் அப்படித்தான் இருக்கு."

ராஜாவை நகர்த்தவே கூடாது என்று அத்தையிடம் கண்டிப்பாகச் சொல்லி வைத்தான். மனுஷன் இதுவரைக்கும் ரொம்ப தூரம் அனுப்பிய ராக்கெட் இந்தக் கணக்கில் வருஷம் பூரா ஓடினாலும் நாலு விரல்கூடப் போகாதாம். அதனால் பண்டிகை முடிகிற வரை ராஜா நின்ற இடத்தில்தான் நிற்பாராம். அத்தை சரி சரி என்று தலையாட்டிவிட்டு, மறுநாள் காலை ஜெபம் முடிந்ததும் வழக்கம்போல ஒரு சாண் நகர்த்தினார்.

"அத்தை, ராக்கெட்டைவிட ரெண்டாயிரம் மடங்கு வேகத்துல தள்ளிட்டீங்க" என்று சேவி அலறினான்.

"நான் மெதுவாத்தாண்டா தள்ளினேன்" என்றார் அத்தை.

அவன் திரும்ப வாசல் கேட்டருகே வைப்பான். காலையில் அவர் நகர்த்துவார். இப்படியே போனது. கடைசியில் சாமியார் வருகிற நாளன்று, சேவி குளிக்கப் போன நேரத்தில் அத்தை ராஜாவைத் தூக்கிக்கொண்டு வந்து நேராகப் பாலன் காலடியில் வைத்துவிட்டார். ஃபாதர் வரும்போது ராஜா சாக்கடைப் பக்கம் நின்றால் வீட்டுக்கு மரியாதையா என்று கேட்டார்.

சேவி ஈரத் தலையோடு நின்று தாம்பாளத்தைப் பார்த்தான். "வெளிச்சத்தையே தாண்டிட்டீங்க அத்தை" என்றான், அழுகிற குரலில். "யாரும் செய்யாததைச் செஞ்சுட்டீங்க."

"ராஜாடா அவரு. அவருக்கு யாரு சொல்ல முடியும்."

ராஜாவை எடுத்துத் திரும்பக் கேட்டுக்குக் கொண்டுபோக நேரமில்லை. சாமியாரும் உபதேசியாரும் தெருவுக்குள் வந்துவிட்டார்கள், பின்னால் பாதித் தெரு. அப்பா அன்றைக்கு வேண்டுமென்றே வண்டியை எடுக்காமல் வாசலில் நின்றிருந்தார்.

சாமியார் முதலில் ஒட்டக வரிசையைப் பார்த்தார். நின்றார். அப்புறம் திரும்பிப் பின்னால் வந்தவர்களைப் பார்த்தார்.

"இந்த வருஷம் எந்த வீட்டுக்குப் போனாலும் ராஜாங்க நடந்தே வராங்களே, என்ன பஞ்சம்னு யோசிச்சுக்கிட்டே வந்தேன்" என்றார்.

கூட்டத்தில் ஒரு அம்மா, "அந்தக் காது போனது எங்களோடது ஃபாதர்" என்றார். இன்னொருவர், "எங்களோடது ரெண்டு" என்றார். சாமியார் வாய்விட்டுச் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள்.

நான் அப்பாவைத்தான் பார்த்தேன். அப்பா தலையைக் குனிந்து லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே கட்டியிருந்ததை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தார்.

சேவி மட்டும் ஒன்றும் நடக்காததுபோல விளக்கம் சொல்ல ஆரம்பித்தான். புல், ஒட்டகம், வேகம், எல்லாம். சாமியார் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார். அப்புறம் குனிந்து, "சரி, உங்க ராஜா ரொம்ப ரொம்ப வேகமா, வெளிச்சத்துக்குக் கிட்டத்தட்ட வந்துட்டாருன்னு வச்சுக்குவோம். வந்து சேரும்போது பாலனுக்கு என்ன வயசு இருக்கும்?" என்றார்.

"பக்கத்து நட்சத்திரத்துலேர்ந்து அவ்வளவு வேகமா வந்தா ராஜாவுக்கு நேரம் மெதுவா ஓடும் ஃபாதர். அவருக்கு ஒரு மாசம் ஆன மாதிரிதான் இருக்கும். ஆனா இங்க நாலு வருஷம் தாண்டியிருக்கும். பாலன் எல்.கே.ஜி. போயிருப்பாரு."

சாமியார் மறுபடி சிரித்தார். நான் உள்ளே போய்விடலாமா என்று நினைத்தேன்.

உபதேசியார் தாம்பாளத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரிடா, நட்சத்திரம் எங்க? நட்சத்திரம் இல்லாத குடிலுக்கு எப்படி மார்க் போடுறது?" என்றார்.

"ஸ்ரீரங்கத்துல இருக்கு."

"ஸ்ரீரங்கத்துல இருக்கிறது பெருமாள்டா. நம்ம நட்சத்திரம் அங்க எப்பப் போச்சு?"

கூட்டம் மறுபடி சிரித்தது. சேவி விரலைக் காட்டிக் கணக்கைச் சொன்னான். சிரிப்புக்கு நடுவிலும் நிறுத்தவில்லை.

"அங்க வச்சிருக்கியா நிஜமா?" என்று சாமியார் கேட்டார்.

"வைக்கலை ஃபாதர். இடம் மட்டும் தெரியும்."

சாமியார் தாம்பாளத்திலிருந்து நிமிர்ந்தார். "இடம் தெரிஞ்சா வச்சிடலாமே. நாளைக்கு மத்தியானம் வரேன். உங்க மொட்டை மாடியிலேர்ந்து எனக்கு அந்த நட்சத்திரம் தெரியணும். தெரிஞ்சா மார்க் போடுறேன்."

"மூணு மாடி ஏறணுமா ஃபாதர்?" என்றார் உபதேசியார், முழங்காலைத் தடவிக்கொண்டு.

அவர்கள் போனதும் அப்பா ஒரே வார்த்தைதான் சொன்னார். "சிரிச்சாருல்ல." அதற்கு அம்மா, "நாளைக்குன்னு சொல்லியிருக்காருல்ல" என்றார். அம்மா அப்பாவை எதிர்த்துப் பேசி நான் கேட்டது அது ஒரு தடவைதான்.

பேப்பர் ஸ்டாரும் பல்பும் வைத்தால் தெரியாது. பாலத்தைத் தாண்டி, பட்டப்பகலில் எந்த பல்பு தெரியும். சேவி நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எனக்குத்தான் அப்போது ஞாபகம் வந்தது. மாமி வீட்டு மாடியில் புடவை உலர்த்தப் போகும்போது, பாலத்தில் போகிற பஸ்ஸின் கண்ணாடியில் வெயில் பட்டுச் சில சமயம் கண்ணில் சுளீர் என்று அடிக்கும். அதைச் சொன்னேன்.

சேவி என்னை ஒரு பார்வை பார்த்தான். "அக்கா, நீ ஏன்க்கா பள்ளிக்கூடத்தை விட்டே?" என்றான்.

அப்புறம் அவன் சொல்லிக் கொடுத்தது இதுதான். எங்கள் மாடித் தண்ணீர்த் தொட்டி மேல் அம்மாவின் சிவப்புப் புடவையைக் கட்டிப் பறக்க விடுவான். மாமி வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் மலைக்கோட்டைக்கு வலது பக்கம், கீழே, அது சிவப்புப் பொட்டாகத் தெரியும். மாடியின் தெற்குச் சுவரில் ஒரு கம்பை நிறுத்தி, நுனியில் கைக்குட்டை கட்ட வேண்டும். நான் வடக்குக் கோடியில் நின்று, அந்தக் கைக்குட்டை சிவப்புப் பொட்டை மறைக்கிற மாதிரி இடம் பார்த்துக்கொள்ள வேண்டும். கன்னத்தோடு கண்ணாடியைச் சேர்த்துப் பிடித்து, வெயிலைக் கைக்குட்டை மேல் விழ வைக்க வேண்டும். கைக்குட்டையில் விழுந்தால் அது நேராகப் போய் எங்கள் மாடியில் விழும்.

"கை ஆடுமேடா."

"ஆடட்டும். ஆடினாத்தான் மின்னும்." அப்புறம் சொன்னான், "பதில் வரும்னு எதிர்பார்க்காதக்கா. நிஜ நட்சத்திரத்துல நின்னு நீ லைட் அடிச்சா, இங்கேர்ந்து பதில் வந்து சேர எட்டரை வருஷம் ஆகும். அடிச்சுக்கிட்டே இரு, அவ்வளவுதான்."

மறுநாள் சாப்பாட்டுக்குப் பிறகு முகம் பார்க்கும் கண்ணாடியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். மாமி கதவைத் திறந்து, "இன்னிக்கு வரலைன்னியேடி" என்றார்.

"வேலைக்கு இல்ல மாமி. மாடிக்குப் போகணும்."

"மாடியில என்ன?"

பொய் சொல்ல வராமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். குடில், ராஜா, பட்டறை, நட்சத்திரம். மாமி இடுப்பில் கை வைத்துக் கேட்டார்.

"மார்கழி மாசத்துல எங்காத்து மாடியில கிறிஸ்துமஸ் ஸ்டாரா?"

"ஸ்டார் இல்ல மாமி, கண்ணாடிதான். இது சயின்ஸு."

"அந்த நட்சத்திரத்துக்குப் போகணும்னா எத்தனை நாளாகும்கறான் உன் தம்பி?"

"இப்ப இருக்கிற ராக்கெட்டுல எழுபதாயிரம் வருஷத்துக்கு மேல ஆகும் மாமி."

"அப்படின்னா ஒண்ணும் அவசரமில்லை. ஒரு வாய் காபி குடிச்சுட்டுப் போ" என்று உள்ளே போனார்.

மாடியில் கம்பு தேடினேன். இருந்தது ஒன்றே ஒன்று, பூசைக்குக் கட்டுகிற, தீட்டுப்படக் கூடாத மடித் துணி உலர்த்துகிற கம்பு. அதை நான் தொடக் கூடாது. மாமிக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"நானே பிடிச்சுக்கறேன், போ" என்றார் மாமி. தெற்குச் சுவரோரம் போய்க் கம்பை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, "இப்படியா? இன்னும் அந்தண்டையா?" என்று கேட்டார்.

"கொஞ்சம் வலது பக்கம் மாமி. இன்னும். போதும் போதும்."

ராஜகோபுரம் ஒரு பக்கம், மலைக்கோட்டை ஒரு பக்கம். நடுவில் தென்னை மரங்களுக்கு மேலே சிவப்பாக ஒரு பொட்டு. அம்மாவின் புடவை. அதைப் பார்த்ததுமே எனக்கு அழுகை வந்துவிட்டது. அங்கே என் வீட்டு ஆட்கள் எல்லாரும் நிற்கிறார்கள், ஒருவர்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை.

கண்ணாடியைக் கன்னத்தில் வைத்தேன். சூரியனை மேகம் மூடியது.

மார்கழி மேகம் நகராது. மாமி கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அங்கே உபதேசியார் முழங்காலைத் தடவுவது, அப்பா லுங்கியை அவிழ்த்துக் கட்டுவது, எல்லாம் எனக்குத் தெரிவதுபோல இருந்தது. ஃபாதர் எவ்வளவு நேரம் நிற்பார். வேறு வேலை இருக்காதா. மாதாவே மாதாவே என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் மாமியின் உதடும் அசைந்துகொண்டிருந்தது. அவர் யாரைக் கூப்பிட்டார் என்று கேட்கவில்லை.

மேகத்தின் ஓரம் வெள்ளையானது. மாடித் தரையில் என் நிழல் விழுந்தது.

வெளிச்சம் முதலில் மாமியின் முதுகில் விழுந்தது, அப்புறம் பக்கத்து வீட்டுச் சுவரில். மெதுவாகத் திருப்பினேன். கைக்குட்டை பளீரென்று வெள்ளையானது. அப்படியே பிடித்தேன். கை ஆடியது. ஆடட்டும் என்று விட்டுவிட்டேன்.

எவ்வளவு நேரம் பிடித்தேன் என்று தெரியாது. அங்கே யாராவது பார்த்தார்களா, பார்க்காமல் இறங்கிப் போய்விட்டார்களா, ஒன்றும் தெரியாது. அடித்துக்கொண்டே இருந்தேன்.

"ஏண்டி" என்றார் மாமி திடீரென்று. "அங்க பாரு."

சிவப்புப் பொட்டுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி சுளீரென்று அடித்தது. அணைந்தது. மறுபடி அடித்தது. அப்புறம் பக்கத்தில் இன்னொன்று. இன்னொன்று. சின்னதும் பெரிதுமாக, தாறுமாறாக, அந்த மாடி முழுக்க மின்னியது. தெருவில் எத்தனை வீட்டுக் கண்ணாடி உண்டோ அத்தனையும் மாடிக்கு வந்துவிட்டதுபோல இருந்தது. மாமி கம்பை விட்டுவிட்டுக் கையைத் தட்டினார். நான் கண்ணாடியைத் தலைக்கு மேலே தூக்கிக் குதித்தேன். எட்டரை வருஷம் ஆகும் என்று சொன்னவனிடமிருந்து பதில் வந்துவிட்டது.

திரும்பிப் போகும்போது பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே போனேன்.

வீட்டில் நடந்ததை அத்தைதான் சொன்னார். சாமியார் மேகத்தைப் பார்த்துப் பார்த்து, இன்னும் அஞ்சு நிமிஷம், இன்னும் அஞ்சு நிமிஷம் என்று மூன்று தடவை சொன்னாராம். உபதேசியார், "ஃபாதர், போலாம்" என்று படியில் ஒரு காலை வைத்த பிறகுதான் தெரிந்ததாம். அப்பாதான் முதலில் பேசினாராம். பக்கத்தில் நின்றவரிடம், "அது என் பொண்ணு" என்று சொன்னாராம். அந்தப் பக்கம் திரும்பி, உபதேசியாரிடமும், "அது என் பொண்ணு ஃபாதர்" என்றாராம். உபதேசியாரை அவர் ஃபாதர் என்று கூப்பிட்டதை அத்தை அப்புறம் பல வருஷம் சொல்லிச் சிரித்தார். சாமியார், "பதில் போட வேண்டாமா?" என்று கேட்டுக் கண்ணாடி கொண்டுவரச் சொன்னாராம். முதலில் ஓடிப்போய்க் கொண்டுவந்தவர்கள், ஒட்டகம் கொடுத்த வீட்டுக்காரர்கள்.

தவலை எங்களுக்கு. ஒட்டகமே எங்களோடது, தவலையில் பங்கு வேண்டும் என்று பாதித் தெரு வந்து நின்றது. அதில் பாயசம் வைத்து அம்மா எல்லாருக்கும் கொடுத்தார். ஒட்டகங்களைத் திருப்பிக் கொடுத்ததில் எது யாருடையது என்று குழம்பிப் போய், இன்றுவரை எங்கள் தெருவில் ஒரு வீட்டு ஒட்டகம் இன்னொரு வீட்டில்தான் நிற்கிறது.

அப்பா பட்டறையைப் பற்றிப் பேசவில்லை. சாப்பிட உட்கார்ந்தபோது, "தமிழையும் கொஞ்சம் பாத்துக்க" என்று மட்டும் சேவியிடம் சொன்னார். அவ்வளவுதான். ஜெயித்துவிட்டோம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அவன் படித்தான். பத்தாவது, பன்னிரண்டாவது, அப்புறம் காலேஜில் பிசிக்ஸ். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவன். அந்த ஐடி கார்டைப் போட்டுக்கொண்டு காய்கறி வாங்கக்கூடப் போவான். அதை நான் பார்த்துவிட்டேன், அது போதும் என்று சில நாள் நினைக்கிறேன். சில நாள் அது போதவில்லை. காய்ச்சல் என்று படுத்தவன் ஒரு வாரத்தில் இல்லை.

அன்றைக்குச் சாயந்திரம் பாயசம் குடித்துக்கொண்டே நான் அவனிடம் ஒன்று கேட்டேன். "இவ்வளவு கணக்குப் போட்டியே, கடைசியில யாரும் அங்க போகவே முடியாதுன்னுதானே சொன்னே? அதுக்கா இவ்வளவு சந்தோஷம்?"

"போக முடியாதுக்கா" என்றான். உதட்டில் பாயசம் ஒட்டியிருந்தது. "ஆனா தெரியுதே."

இதில் என்ன இருக்கிறது என்று எனக்கு அப்போது புரியவில்லை. லூசுப் பயல் என்று தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

இதைப் படிக்கிறவர்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும் சரி. இன்றைக்குக் கும்பிடும்போது சேவியர் என்று அவன் பெயரை ஒரு தடவை சொல்லி, அவனுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.